கடல் கடந்த மருத்துவர்

1925ஆம் ஆண்டு இங்கிலாந்துக்குப் புறப்பட்டபோது முத்துலட்சுமியின் நோக்கம் மருத்துவம் ஒன்றே. பெண்கள், குழந்தைகளின் நோய்கள் குறித்து இலண்டன் செல்சீ மருத்துவமனையில் மேற்படிப்புப் பயில அரசு உதவித்தொகை வழங்கியிருந்தது. 1886இல் புதுக்கோட்டையில் பிறந்தவர் அவர். ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராசர் கல்லூரியில் எதிர்ப்புகளுக்கிடையே இடம்பெற்று, 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர்.

அப்பயணத்தின்போதே, 1926இல் பாரிசில் கூடிய பன்னாட்டுப் பெண்கள் மாநாட்டில் இந்தியாவின் சார்பாளராகக் கலந்துகொண்டார். பெண்களின் வாக்குரிமையைப் பேசிய அவை அது. மருத்துவருக்கு அங்கு என்ன வேலை என்று தோன்றலாம். குழந்தைப் பருவத்திலேயே மணம் முடிக்கப்பட்டு, உடல் முதிருமுன் தாயாகும் சிறுமியை மருந்து மட்டும் எவ்வாறு காக்கும்? அவள் நோய்க்குக் காரணம் சமூக வழக்கம். அதை மாற்றச் சட்டம் வேண்டும்.

நாடு திரும்பியவரைச் சென்னைச் சட்டமன்றத்தில் இடம்பெறுமாறு இந்திய மாதர் சங்கம் வேண்டியது. நன்கு வளர்ந்திருந்த மருத்துவத்தொழிலைக் கைவிட அவர் தயங்கினார். அத்தயக்கம் இயல்பானதே. இறுதியில் இசைந்தார், அவையின் துணைத்தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். அங்கும் அவர் மருத்துவராகவே விளங்கினார். குழந்தைகளுக்குத் தனி மருத்துவப் பிரிவும், மாணவர்களுக்கு முறையான உடற்பரிசோதனையும் வேண்டுமென வலியுறுத்தினார். தேவதாசி முறைக்கு எதிராக அவர் நடத்திய நெடும்போராட்டம் 1947இல் சட்டமாகக் கனிந்தது.

1923இல் தங்கையைப் புற்றுநோய்க்குப் பறிகொடுத்த துயரம் மட்டும் ஆறவில்லை. 1954இல் சென்னை அடையாற்றில் புற்றுநோய் மருத்துவமனையை 12 படுக்கைகளுடன் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது 67.