சாந்தி ஸ்வரூப் பட்நாகர்

ஒகேனக்கல்லில் எண்ணெய் தேய்த்து அருவியாடுவோர் பலர். அவ்வெண்ணெயிற் சிறிது படலமாய் நீர்மேல் மிதந்து செல்லும். சீயக்காயோடு கலந்ததோ பால்போல் நீருடன் ஒன்றிவிடும். மிதப்பதை வழித்தெடுத்தல் எளிது. நுண்துளியாய்ச் சிதறியதைப் பிரித்தல் அரிது. அக்காவிரியின் கடைமடையிலுள்ள நரிமணத்தில் பெட்ரோலியம் எடுக்கப்படுகின்றது. எண்ணெய்க் கிணறுகளில் எண்ணெயோடு நீரும் வெளிப்படும்; அதனைத் தூய்மை செய்வோர்க்கு இடர் விளைப்பதும் இந் நுண்துளியே. இத்தகைய கலவைகளின் இயல்பை ஆராய்ந்த பட்நாகரின் வரலாற்றை ஈண்டுச் சுருங்க வரைவாம்.

அவர் பஞ்சாபிலுள்ள பேரா என்னும் ஊரில் 1894-ஆம் ஆண்டு பிப்ரவரி 21-ஆம் நாள் பிறந்தார். எட்டுத் திங்கட் குழவியாயிருக்கும்போதே தந்தையை இழந்து, பாட்டனார் மனையில் வளர்ந்தார். லாகூரிலுள்ள பாரமன் கிறிஸ்தவக் கல்லூரியில் (அதுவும் நம்முடையதுபோன்ற மிஷன் கல்லூரியே) பயின்று, இலண்டனில் டானன் என்னும் பேராசிரியரிடம் ஆராய்ந்து, 1921-இல் டாக்டர் பட்டம் பெற்றார். எண்ணெய்களின் மேற்பரப்பு இழுவிசையே அவர் எடுத்துக்கொண்ட பொருள். 1924 முதல் லாகூர்ச் சர்வகலாசாலையில் இரசாயனப் பேராசிரியராய் விளங்கினார்.

இராவல்பிண்டியருகே எண்ணெய்க்கிணறு தோண்டிய அட்டாக் கம்பெனியார்க்கு ஓர் இடையூறு நேர்ந்தது. துளையிடுங்கால் உட்செலுத்தும் சேறு, நிலத்தடி உப்பு நீர் பட்டவுடன் கல்போல் இறுகிற்று, வேலை நின்றது. பட்நாகர் நம் நாட்டுப் பிசினைச் சேற்றிற் கலக்கச் செய்தார். பிசின் களிமண் துகள்களின்மேல் ஒட்டிப் படர்ந்து, அவை திரண்டு இறுகாவண்ணம் காத்தது. ஒரு பொருளின் மேற்பரப்பு மற்றொன்றை ஈர்த்துப் பற்றும் இத்தன்மையைப் பரப்புக்கவர்ச்சி என்பர். கிணற்று நீரைத் தெளிவிப்போரும் இதனையே நாடுகின்றனர். பதப்படுத்திய கரி அல்லது களிமண்ணினூடே நீரைச் செலுத்தின், எண்ணெய் அதன்மேற் பற்றிக்கொள்ளும். பற்றும் இடம் நிரம்பியபின் கரியைப் புதுப்பித்தல் வேண்டும், செலவெல்லாம் அதிலேதான்.

மகிழ்ந்த கம்பெனியார் பட்நாகர்க்கு ஆராய்ச்சியின் பொருட்டு ஒன்றரை இலட்சம் ரூபாய் அளிக்க முன்வந்தனர். அக்காலத்து அஃது எத்துணைப் பெருந்தொகை! அவரோ அதனைத் தமக்கென்று கொள்ளாது சர்வகலாசாலைக்கே ஆக்கினார். அதனால் பெட்ரோலிய ஆராய்ச்சித் துறையொன்று தோன்றிற்று. பிசினைக் கண்டதினும் இதுவே அரிய செயலென்போம்.

1942-இல் தோன்றிய விஞ்ஞான, தொழில் ஆராய்ச்சிக் கழகத்திற்குத் தலைமை பூண்டு, பல ஆராய்ச்சிக்கூடங்களை நிறுவினார். 1953-இல் திறக்கப்பெற்ற காரைக்குடி மின்இரசாயன ஆராய்ச்சிக்கூடம் அவற்றுள் ஒன்று. 1955-ஆம் ஆண்டு ஜனவரி முதல் நாள் மறைந்தார். அவர் பிறந்த பேராவும், பயின்ற லாகூரும், சேறு இறுகிய அக்கிணறுகளும் 1947 முதல் பாகிஸ்தானில் உள்ளன.