ஹாரியட் டப்மனும் சீயோன் கப்பலும்

மறைக்கல்வி வகுப்பில் விடுதலைப்பயண நூலைக் கற்பிக்கும்போது, மக்கள் மோசே என்றே அழைத்த ஒரு பெண்மணியைப் பற்றியும் நம் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். அவர் ஹாரியட் டப்மன். அமெரிக்காவின் மேரிலாந்து மாநிலத்தில் ஏறத்தாழ 1822-ஆம் ஆண்டு அடிமையாகப் பிறந்தவர். இளவயதில், மேற்பார்வையாளர் ஒருவர் வேறொருவர்மீது வீசிய எடைக்கல் இவர் தலையில் பட்டது. அதன்பின் வாழ்நாளெல்லாம் திடீர் திடீரென உறக்கத்தில் ஆழ்ந்துவிடுவார். சகோதரிகள் மூவர் தொலைதூரத்திற்கு விற்கப்பட்டனர். 1849-இல் தனியே தப்பிப் பிலதெல்பியா சேர்ந்த இவர், ஏறத்தாழ 13 முறை மேரிலாந்து திரும்பி, சுமார் 70 பேரை மீட்டு வந்தார்.

அதே மேரிலாந்தில் நம் இயேசு சபைக் குருக்களும் அடிமைகளை வைத்திருந்தனர். 1838-இல் 272 பேரை விற்றனர். டப்மனோ மெத்தடிஸ்ட் சபையைச் சேர்ந்தவர். இதையும் பிள்ளைகளுக்கு மறைக்காமல் சொல்லத்தான் வேண்டும்.

காட்டில் ஒளிந்திருப்போருக்கு அவர் பாட்டாலேயே செய்தி சொன்னார். ஆபத்து என்றால் ஒரு பாடல், நீங்கிவிட்டால் வேறொரு பாடல். அயலார் காதுக்கு அது வெறும் பக்திப் பாடல்! (ஒட்டுப்போர்வைகளில் இரகசியக் குறிகளைத் தைத்தார்கள் என்று சில சிறுவர் நூல்கள் கூறுவதற்குத் தக்க சான்று இல்லை. அதை நாம் விட்டுவிடலாம்.)

1854 டிசம்பரில், தம் சகோதரர் மூவர் கிறிஸ்து பிறப்பு விழாவுக்கு மறுநாள் விற்கப்படப் போவதை அறிந்தார். அவருக்கு எழுதப் படிக்கத் தெரியாது. எனவே பிறர் கையால், ஜேக்கப் ஜாக்சன் என்ற எழுத்தறிந்த கறுப்பினத்தவருக்கு, அவருடைய வளர்ப்பு மகன் எழுதுவதுபோல் ஒரு கடிதம் எழுதச் செய்தார். சகோதரர்கள் விழித்திருந்து செபிக்க வேண்டும், சீயோன் கப்பல் வரும்போது ஏறத் தயாராக இருக்க வேண்டும் என்பதே அதிலிருந்த செய்தி. முதலில் பிரித்துப் படித்த வெள்ளையர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. அந்த வளர்ப்பு மகனுக்குச் சகோதரர்களே இல்லை. ஜாக்சனை அழைத்துக் காட்டினார்கள். அவர் கண்ட மாத்திரத்தில் புரிந்துகொண்டார். ஆனால் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை என்று எறிந்துவிட்டு, நேரே சகோதரர்களிடம் சென்றார்.

சகோதரர்கள், பெற்றோரின் குடிசைக்கு அருகே தீவனக் கொட்டிலில் வந்து ஒளிந்தார்கள். மனைவிக்குப் பிரசவ வேதனை என்பதால் ராபர்ட் தாமதமாகவே வந்தார். தாய் ரிட்டிடம் சொல்லவில்லை. தெரிந்தால் வாய்விட்டு அழுதுவிடுவார் என்ற அச்சம். விழா உணவைச் சமைத்து வைத்துவிட்டு அவர் பிள்ளைகளின் வரவுக்காக வாசலையே பார்த்துக்கொண்டிருந்ததை, கொட்டிலின் பலகை இடுக்கு வழியாகப் பிள்ளைகள் பார்த்தார்கள்.

தந்தை பென் ராஸ் பொய் சொல்லாதவர் என்று பெயர் பெற்றவர். அவர் உணவு கொண்டுவந்தார், ஆனால் பிள்ளைகளின் முகத்தைப் பார்க்கவில்லை. இரவில் தம் கண்களைத் துணியால் கட்டிக்கொண்டு, அவர்கள் கைப்பிடித்துச் சிறிது தூரம் வழியனுப்ப நடந்தார். பின் நின்று, காலடி ஓசை அடங்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார்.

தேடி வந்தவர்கள் விசாரித்தபோது, தம் பிள்ளைகளைக் காணவில்லை என்றார்.

டிசம்பர் 29-ஆம் நாள் அவர்கள் பிலதெல்பியா சேர்ந்தார்கள். 1857-இல் ஹாரியட் மீண்டும் வந்து, முதிர்ந்த அந்தப் பெற்றோரையும் அழைத்துச் சென்றார்.