அணுவை எடை போட்ட ஆஸ்டன்

குளோரினின் அணு எடை என்ன என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் நாம் சொல்லிவிடுவோம், 35.5 என்று. முதலாமாண்டு வேதியியல் கணக்குகளில் அந்த எண்ணைப் போட்டுப் போட்டுத் தேய்த்திருக்கிறோம். அது என்ன அரை? ஓர் அணு 35 ஆக இருக்கலாம், 36 ஆக இருக்கலாம், நடுவில் அரை எங்கிருந்து வந்தது? நம்மில் யாராவது கேட்டிருக்கிறோமா? நானும் கேட்டதில்லை. ஆனால் ஒருத்தர் இந்த மாதிரிக் கேள்விக்காகவே வாழ்நாளைக் கழித்திருக்கிறார். அவர் பெயர் பிரான்சிஸ் வில்லியம் ஆஸ்டன்.

விஷயம் பழசு. 1815லேயே இங்கிலாந்தில் பிரௌட் என்கிற மருத்துவர், எல்லாத் தனிமங்களின் எடையும் ஹைட்ரஜனின் முழு மடங்காகத்தான் இருக்கிறது என்று எழுதினார். அழகான கருத்து. ஆனால் குளோரின் வந்து கெடுத்துவிட்டது. எத்தனை தடவை அளந்தாலும் முப்பத்தைந்தரை! ஒரு தனிமத்தின் அணுக்கள் எல்லாம் ஒரே எடை என்று டால்டன் சொன்னதை அப்போது எல்லோரும் நம்பினார்கள். அதனால் பிரௌட் சொன்னதுதான் தப்பு என்று மூட்டை கட்டிப் போட்டுவிட்டார்கள்.

ஆஸ்டன் பிறந்தது 1877 செப்டம்பர் 1ஆம் தேதி, பர்மிங்காம் பக்கத்தில் ஹார்போர்ன் என்ற ஊரில். அப்பா உலோக வியாபாரி, விவசாயமும் உண்டு. பையன் பர்மிங்காமில் மேசன் கல்லூரியில் சேர்ந்து பிராங்க்லாந்து என்ற பேராசிரியரிடம் கரிம வேதியியல் ஆராய்ச்சி செய்தான். ஆனால் சோறு போட வேலை வேண்டுமே. நொதித்தல் பற்றிப் படித்துவிட்டு, 1900இல் ஒரு பீர் ஆலையில் வேதியியலாளராகச் சேர்ந்தார். மூன்று வருஷம் அங்கேதான். நோபல் பரிசு வாங்கப் போகிற மனிதர் பீர் ஆலையில் சாம்பிள் சோதித்துக்கொண்டிருந்தார் என்றால் நம்ப முடிகிறதா?

எனக்கு இவரைப் பிடித்துப்போன இடமே இதுதான். பகலில் ஆலை வேலை, மீதி நேரத்தில் வீட்டில் சொந்தமாக ஒரு சின்ன ஆய்வுக்கூடம். கண்ணாடி ஊதுவது, காற்றை வெளியேற்றும் பம்ப் செய்வது, மின்சாரம் பாய்ச்சும் குழாய் செய்வது எல்லாம் தன் கையாலேயே. அப்போது எக்ஸ் கதிர் புதிதாகக் கண்டுபிடிக்கப்பட்டிருந்த காலம். காற்று நீக்கிய குழாய்க்குள் மின்சாரம் பாயும்போது என்ன நடக்கிறது என்பதில் அவருக்குப் பைத்தியம். 1903இல் உதவித்தொகை கிடைத்ததும் ஆலை வேலையை விட்டுவிட்டு பர்மிங்காம் பல்கலைக்கழகத்துக்குத் திரும்பினார். ஃபிட்டிங் ஒர்க்ஷாப்பில் அரம் பிடித்துக் கை காய்த்துப்போன நமக்கு இவரை நம்ம ஆள் என்று சொல்லிக்கொள்ள உரிமை உண்டு என்றே நினைக்கிறேன்!

1910இல் கேம்பிரிட்ஜில் கேவண்டிஷ் ஆய்வுக்கூடத்தில் ஜே.ஜே. தாம்சன் அவரை உதவியாளராக எடுத்துக்கொண்டார். எலக்ட்ரானைக் கண்டுபிடித்த அதே தாம்சன்தான். குழாயில் நியான் வாயுவைப் போட்டு, அதன் நேர் அயனிகளை மின்புலத்தாலும் காந்தப்புலத்தாலும் வளைத்துப் புகைப்படத் தகட்டில் விழவைத்தார்கள். நியானுக்கு 20இல் ஒரு கோடு வந்தது, சரி. கூடவே 22இல் மங்கலாக இன்னொரு கோடு. அது யார்? ஹைட்ரஜனோடு சேர்ந்த நியானாக இருக்கலாம், புதுத் தனிமமாகவும் இருக்கலாம் என்பது தாம்சனின் எண்ணம். ஆஸ்டனோ, நியானையே இரண்டாகப் பிரித்துப் பார்த்துவிடுவோம் என்று இறங்கினார். நுண்துளை உள்ள களிமண் குழாய் வழியாக வாயுவைத் திரும்பத் திரும்பக் கசியவிட வேண்டும்; லேசானது கொஞ்சம் முந்தி வெளியே வரும். ஆயிரக்கணக்கான தடவை செய்தார். கடைசியில் இரண்டு பங்குக்கும் கிடைத்த எடை வித்தியாசம் ஒரு சதவீதம்கூட இல்லை. அந்தத் துளி வாயுவை நிறுக்கத் தராசு ஏது? குவார்ட்ஸில் ஒரு நுண்தராசும் அவரே செய்தார். 1913இல் முடிவை வெளியிட்டார். முழுசா நிரூபிப்பதற்குள் யுத்தம் வந்துவிட்டது.

யுத்த காலத்தில் ஃபார்ன்பரோ விமானத் தொழிற்சாலையில், விமான இறக்கைத் துணிக்குப் பூசும் பூச்சுகளைப் பற்றி வேலை. 1914இல் ஒரு சோதனை விமானம் விழுந்து, அதிலிருந்து உயிர் தப்பினார். அங்கே மற்ற விஞ்ஞானிகளோடு சாப்பாட்டு மேஜையில் எல்லாம் நியான் பற்றிய வாக்குவாதம்தானாம்.

திரும்பி வந்து 1919இல் செய்ததுதான் மாஸ் ஸ்பெக்ட்ரோகிராஃப், நிறை நிறமாலை வரைவி. அமெரிக்காவில் டெம்ப்ஸ்டர் என்பவரும் 1918இல் தனியாக ஒரு கருவி செய்திருந்தார். ஆனால் ஆஸ்டனுடையது துல்லியத்தில் வேறு ரகம். குழாயிலிருந்து வரும் அயனிகள் எல்லாம் ஒரே வேகத்தில் வருவதில்லை. அதனால் தாம்சனின் படத்தில் கோடுகள் பரவிப்போயின. ஆஸ்டன் என்ன பண்ணினார்? முடியைப் போன்ற இரண்டு பிளவுகள் வழியே கதிரை ஒல்லியாக்கி, முதலில் மின்புலத்தால் ஒரு பக்கம் வளைத்தார். பிறகு காந்தப்புலத்தால் எதிர்ப்பக்கம் வளைத்தார். மெதுவாக வந்த அயனி இரண்டிலும் அதிகம் வளையும், வேகமாக வந்தது இரண்டிலும் குறைவாக வளையும். அளவைச் சரியாக அமைத்தால், வேகம் எதுவானாலும் ஒரே நிறையுள்ளவை எல்லாம் தகட்டில் ஒரே இடத்தில் வந்து விழும். லென்ஸ் ஒளியைக் குவிக்கிற மாதிரிதான். ஆயிரத்தில் ஒரு பங்கு வரை துல்லியம் கிடைத்தது.

அதில் குளோரினைப் போட்டார். 35.5இல் கோடே இல்லை! 35இல் ஒன்று, 37இல் ஒன்று. முதலாவது ஏறக்குறைய மூன்று பங்கு, இரண்டாவது ஒரு பங்கு. மூன்று முப்பத்தைந்து 105, அதோடு 37 கூட்டினால் 142, நாலால் வகுத்துப் பாருங்கள். நாம் மனப்பாடம் செய்த எண்ணுள்ள அணு உலகத்தில் ஒன்றுகூட இல்லை, வெறும் சராசரி! நூறு வருஷத்துக்குப் பிறகு பிரௌட்டுக்கு நியாயம் கிடைத்தது. ஆனாலும் தாம்சன் உடனே ஒப்புக்கொள்ளவில்லை. 1921இல் ராயல் சொசைட்டியில் நடந்த விவாதத்தில்கூட, இவை ஹைட்ரஜன் ஒட்டிய கூட்டு அயனிகளாக இருக்கலாமே என்று சந்தேகம் எழுப்பினார். தன்னை வளர்த்த ஆசானே எதிர்ப்பக்கம் நிற்கிறார்! ஆஸ்டன் தனிமம் தனிமமாகத் தகடு எடுத்துப் பதில் சொன்னார். 1922இல் வேதியியல் நோபல் பரிசு வந்தது. இயற்கையில் உள்ள ஐசோடோப்புகளில் இருநூறுக்கு மேல் அவர் கண்டுபிடித்தவை.

ஒரே ஒரு தனிமம் மட்டும் முழு எண்ணுக்கு அடங்கவில்லை. ஹைட்ரஜன்: 1.008. நாலு ஹைட்ரஜன் சேர்ந்தால் 4.032; ஹீலியமோ 4தான். மீதி எங்கே போச்சு? ஆற்றலாக மாறியிருக்க வேண்டும். இதைப் பிடித்துக்கொண்டுதான் 1920இல் எடிங்டன், சூரியன் எரிவதன் ரகசியம் இதுவாக இருக்கலாம் என்றார். ஒரு டம்ளர் தண்ணீரிலுள்ள ஹைட்ரஜனை ஹீலியமாக்கினால் பெரிய கப்பலையே அட்லாண்டிக் கடலைத் தாண்டிக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவரலாம் என்று ஆஸ்டன் விளக்குவாராம். அந்த ஆற்றல் கைமீறிப் போனால் என்ன ஆகும் என்ற எச்சரிக்கையும் கூடவே வரும்.

மனிதர் கூச்ச சுபாவம். கல்யாணம் செய்துகொள்ளவில்லை, டிரினிட்டி கல்லூரி அறையிலேயே கடைசி வரை இருந்தார். பாடம் நடத்துவதில் சுமார்தான், தனியாக வேலை செய்வதே அவருக்கு இஷ்டம். ஆனால் பனிச்சறுக்கு, டென்னிஸ், செல்லோ வாசிப்பது, சூரிய கிரகணம் பார்க்க சுமத்ரா, ஜப்பான் என்று பயணம், எதையும் விடவில்லை. 1909இல் ஹோனலூலுவில் அலைச்சறுக்குகூட ஆடிப் பார்த்திருக்கிறார்!

எல்லாம் கண்ட அந்தக் கண்ணுக்கு ஒன்று தப்பியது. 1931இல் யுரேனியத்தைச் சோதித்தபோது அவர் தகட்டில் 238 மட்டுமே விழுந்தது. நூற்றுக்கு ஒன்றுகூடத் தேறாத 235ஐ 1935இல் டெம்ப்ஸ்டர் கண்டுபிடித்தார். இரண்டாம் உலக யுத்தத்தில் அமெரிக்கர்கள் ஓக் ரிட்ஜில், அயனிகளைக் காந்தத்தால் வளைத்துப் பிரிக்கும் அதே முறையை மாபெரும் அளவில் செய்து அந்த 235ஐச் சேர்த்தார்கள். 1945 ஆகஸ்ட் 6ஆம் தேதி அது ஹிரோஷிமாவில் வெடித்தது. ஆஸ்டன் அப்போது உயிரோடு இருந்தார். அதே வருஷம் நவம்பர் 20ஆம் தேதி கேம்பிரிட்ஜில் காலமானார்.