அமுதும் நஞ்சும்

அன்றைய சென்னை மாகாணத்தைச் சேர்ந்த பீமவரத்தில் 1895ஆம் ஆண்டு சனவரி 12ஆம் நாள் எல்லாப்பிரகட சுப்பாராவ் பிறந்தார். பள்ளி இறுதித் தேர்வில் இருமுறை தோற்ற அவர், மூன்றாம் முறை சென்னை இந்து உயர்நிலைப் பள்ளியில் பயின்று தேறினார். மாநிலக் கல்லூரியில் கற்றபின் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். காந்தியடிகளின் அழைப்பை ஏற்றுக் கதராடை அணிந்தமையால் ஆங்கிலேயப் பேராசிரியரின் வெறுப்புக்கு ஆளானார். அதனால் எம்.பி.பி.எஸ். பட்டம் கிட்டாமல், அதனினும் குறைந்த எல்.எம்.எஸ். தகுதியே கிடைத்தது.

அக்காலத்தில் ஸ்புரூ என்னும் குடல்நோய் பலரை வாட்டியது. குடலின் உட்சுவர் சிதைந்து, உண்ட உணவின் சத்து உடலில் சேராமல் போவதே அந்நோய். சுப்பாராவின் உடன்பிறந்தார் இருவரைச் சில நாள் இடைவெளியில் அது பலிகொண்டது. பின்னர் அவரையும் அது பற்றியது. ஆயுர்வேத மருத்துவர் அசண்ட இலட்சுமிபதியின் மருத்துவத்தால் உயிர் பிழைத்தார்.

மேற்படிப்புக்காக அமெரிக்கா சென்ற சுப்பாராவ், ஆர்வர்டு பல்கலைக்கழகத்தில் ஃபிஸ்க் என்பவருடன் இணைந்து, இரத்தத்திலுள்ள பாசுபரசை அளவிடும் முறையை 1925இல் வெளியிட்டார். 1940இல் லெடர்லி ஆய்வகத்தில் சேர்ந்தார். அவர் வழிநடத்திய குழு 1945இல் ஃபோலிக் அமிலத்தைச் செயற்கையாக உருவாக்கியது. உடன்பிறந்தாரை மாய்த்த ஸ்புரூ நோய்க்கு அதுவே மருந்தாயிற்று.

உயிரணுக்கள் பெருகுவதற்கு ஃபோலிக் அமிலம் இன்றியமையாதது. இரத்தப் புற்றணுக்களுக்கும் அது தேவை. ஆகவே, அதன் செயலைத் தடுத்தால் புற்றுநோய் அடங்கும் எனப் பாஸ்டன் நகர மருத்துவர் சிட்னி ஃபார்பர் கருதினார். சுப்பாராவின் குழு உருவாக்கித் தந்த அமினோப்டெரின் என்னும் மருந்தை, இரத்தப் புற்றுநோயுற்ற குழந்தைகளுக்குக் கொடுத்தார். 1948இல் வெளியான அவரது ஆய்வுரையின்படி, 16 குழந்தைகளுள் 10 பேரிடம் முன்னேற்றம் தென்பட்டது. அது நிலைத்த நலமன்று; எனினும் மருந்தால் இந்நோயை அடக்க இயலும் என்பது முதன்முறையாகப் புலனாயிற்று.

ஆனால், இம்மருந்து பகையணு இது, உறவணு இது எனப் பிரித்தறியாது. விரைந்து பெருகும் எல்லா அணுக்களையும் தாக்கும். குடலின் உட்சுவரோ 3 முதல் 5 நாள்களுக்குள் தன்னைப் புதுப்பித்துக்கொள்வது. புதிய அணுக்கள் தோன்றுவது தடைப்படவே, அச்சுவர் மெலிந்து புண்ணாகிறது. வாய்ப்புண், வயிற்றுப்போக்கு, குருதிக்கசிவு ஆகியன நோயாளியைத் துன்புறுத்துகின்றன. எந்தச் சத்தைக் கொடுத்துச் சுப்பாராவ் குடலைக் காக்க வழிகண்டாரோ, அதே சத்தைத் தடுத்த மருந்து குடலை வருத்தியது.

இதனைக் கண்டு மருத்துவ உலகம் பின்வாங்கவில்லை. அமினோப்டெரினின் இடத்தை அதன் இனமான மெத்தோடிரெக்சேட் பெற்றது. மருந்தின் அளவு வரையறுக்கப்பட்டது. உடல் தேறுவதற்கு இடைவெளி விடப்பட்டது. மெத்தோடிரெக்சேட்டை மிகுதியாகச் செலுத்தும்போது, நலமுள்ள அணுக்களைக் காக்க ஃபோலினிக் அமிலத்தைப் பின்னர்க் கொடுக்கும் முறையும் வழக்கிற்கு வந்தது. ஃபோலிக் அமிலத்தின் மாற்றுவடிவமே அது.

இவ்வளர்ச்சிகளைக் காணச் சுப்பாராவ் உயிரோடு இல்லை. 1948 ஆகத்து மாதம், தம் 53ஆம் அகவையில் மறைந்தார். நோயை அழிப்பதோடு மருத்துவம் நிறைவுறாது; நோயுற்றவரின் நலமான உறுப்புகளைக் காப்பதும் அதன் கடமையே. அவ்விரண்டு பணிகளுக்கும் அவருடைய ஆய்வு இன்றும் துணைநிற்கிறது.