வெள்ளைத் தலைப்பாகையும் ஒரு கோடி ரூபாயும்

பெர்சனல் பிராண்டு என்ற சொல் நம் அங்கத்தினர்களின் இல்லங்களில் இப்போது அடிக்கடி காதில் விழுகிறது. ஒருவருடைய பெயரைக் கேட்டதும் பிறர் மனதில் என்ன தோன்ற வேண்டும் என்று திட்டமிட்டு அமைத்துக்கொள்வதற்குப் பெயர்தான் அது. மேலாண்மைப் படிப்பில் பாடமாகவே வைத்திருக்கிறார்கள். வெளியூர்களில் வேலை பார்க்கும் நம் பிள்ளைகளுக்கு இதில் ஒரு சங்கடம் உண்டு. நெற்றிக்கு இட்டுக்கொண்டு அலுவலகம் போகலாமா, மாமிச உணவு பரிமாறும் விருந்தில் நமக்கு வேண்டாம் என்று சொல்லலாமா, அதனால் நாம் பிற்போக்கு என்று ஒதுக்கப்படுவோமா என்கிற தயக்கம் அது. இதற்கு உபதேசம் செய்வதைவிட ஒருவருடைய வாழ்க்கையைச் சொல்வது நல்லது என்று எனக்குத் தோன்றுகிறது. அவர் மகாமனா பண்டிட் மதன்மோகன் மாளவியா.

1861 டிசம்பர் 25 அன்று பிரயாகையில் பிறந்தவர். முன்னோர் மாளவ தேசத்திலிருந்து வந்தவர்கள் என்பதால் மாளவியா. தந்தை பிரஜ்நாத், பாகவத உபன்யாசம் செய்து குடும்பத்தை நடத்தியவர். வீட்டில் பக்திக்குக் குறைவில்லை, பணத்துக்குத்தான் குறைவு. மதன்மோகன் 1884இல் கல்கத்தா சர்வகலாசாலையில் பி.ஏ. தேறினார். சமஸ்கிருதத்தில் மேற்படிப்புப் படிக்க ஆசை இருந்தும், குடும்ப நிலையை எண்ணிப் பள்ளி ஆசிரியர் வேலையில் அமர்ந்தார்.

1886இல் கல்கத்தா காங்கிரஸில் அவர் பேசிய பேச்சு காலாகாங்கர் ராஜா ராம்பால் சிங்கின் கவனத்தை ஈர்த்தது. ராஜா தமது ஹிந்துஸ்தான் பத்திரிகைக்கு ஆசிரியராக அழைத்தார். சம்பளம் மாதம் 200 ரூபாய். அன்றைய பள்ளி ஆசிரியருக்கு அது கனவில்கூட வராத தொகை. ஆனால் மாளவியா ஒரு நிபந்தனை வைத்தார். மது அருந்தியிருக்கும் நேரத்தில் ராஜா தம்மைக் கூப்பிட்டுப் பேசக் கூடாது என்பதே அது. ராஜா ஒப்புக்கொண்டார். இரண்டரை ஆண்டுகள் சுமுகமாக நடந்தது. ஒருநாள் அந்த நிபந்தனை மீறப்பட்டது. மாளவியா வேலையை விட்டுவிட்டார். எதிராளி சமஸ்தானாதிபதி, இவரோ வீட்டில் வசதியில்லாத இளைஞர். கொள்கைக்கு விலை கொடுக்க வேண்டிய முதல் சந்தர்ப்பத்திலேயே தயங்காமல் கொடுத்தார்.

பிறகு சட்டம் படித்து 1891இல் தேறி, அலகாபாத் உயர்நீதிமன்றத்தில் முன்னணி வக்கீல்களில் ஒருவரானார். வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளை நீள அங்கி, கழுத்தைச் சுற்றி வெள்ளை அங்கவஸ்திரம், நெற்றியில் சந்தனம். நீதிமன்றமானாலும் வைஸ்ராயின் சட்டசபையானாலும் இதே கோலம்தான். 1931இல் இரண்டாவது வட்டமேஜை மாநாட்டுக்காகக் காந்திஜியுடன் லண்டனுக்குக் கப்பலேறியபோதும் மாறவில்லை. எழுபதை எட்டும் வயதில் கங்கை நீரையும் உடன் கொண்டு சென்றார். கடல் கடப்பதே ஆசாரக் குறைவு என்று கருதப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர் அவர். தேச காரியம் அழைத்தபோது கடலையும் கடந்தார், அனுஷ்டானத்தையும் விடவில்லை.

தொழில் உச்சத்தில் இருந்தபோதே, காசியில் ஒரு சர்வகலாசாலை அமைப்பதற்காக வக்கீல் தொழிலைக் கைவிட்டார். துண்டை ஏந்தி ஊர் ஊராகப் போனார். தர்பங்கா மகாராஜா ராமேஸ்வர் சிங் துணைக்கு வந்தார். காசி மகாராஜா நிலம் கொடுத்தார். அன்னி பெசண்ட் அம்மையார் தாம் நடத்திவந்த மத்திய இந்துக் கல்லூரியையே கொடுத்தார். பெயரிலேயே இந்து என்றிருந்த அந்த நிறுவனத்துக்கு ஐதராபாத் நிஜாமும் பின்னாளில் நன்கொடை அளித்தார். திரண்ட நிதி ஒரு கோடி ரூபாய்க்கும் மேல். 1915இல் சட்டம் நிறைவேறியது. 1916 பிப்ரவரி 4 அன்று வைஸ்ராய் ஹார்டிஞ்ச் பிரபு அடிக்கல் நாட்டினார்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிக்க வேண்டும். அத்தனை பேரும் எதை நம்பிக் கொடுத்தார்கள்? தலைப்பாகையையும் சந்தனத்தையும் மட்டும் பார்த்தா? அவற்றை அணிந்தவர்கள் அக்காலத்தில் ஆயிரக்கணக்கில் இருந்தார்கள். சம்பாத்தியத்தைத் துறந்து வந்தவர் தமக்கென்று ஒரு காசும் எடுக்க மாட்டார் என்று நம்பினார்கள். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அரசுக் கோப்புகளில் கையெழுத்துப் போட்டவன் நான். நெற்றிக்குறியும் காசோலையில் இடும் கையெழுத்தும் எனக்கு ஒன்றாகவே படுகின்றன. கணக்கில் இருப்பு இருந்தால்தான் கையெழுத்துக்கு மதிப்பு.

என்னைப் போன்ற பி.எஸ்ஸி. பட்டதாரிக்கு இன்னொரு விஷயத்தில் அவர்மீது தனி மரியாதை. சாஸ்திரப் படிப்போடு நிறுத்தாமல் பொறியியல், சுரங்கவியல், உலோகவியல், மருந்தியல் எல்லாவற்றையும் அங்கே கொண்டுவந்தார். சர்வகலாசாலையின் கீதத்தை இயற்றியவர் அங்கே வேதியியல் பேராசிரியராக இருந்த சாந்தி ஸ்வரூப் பட்நாகர். பணி நிமித்தம் காசிக்குச் சென்றபோது அரைவட்ட வடிவில் அமைந்த அந்த வளாகத்தைச் சுற்றிப் பார்த்தேன். ஆயிரத்து முந்நூறு ஏக்கர். ஆயுர்வேதமும் இயந்திரக் கூடங்களும் ஒரே மதிலுக்குள். நம்பிக்கை உள்ளவனுக்கு விஞ்ஞானத்தைக் கண்டு பயம் இல்லை என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம். நம்மவரான சர் பி.எஸ். சிவசாமி ஐயர் அங்கே துணைவேந்தராக இருந்திருக்கிறார். அவருக்குப் பின் 1919 முதல் 1938 வரை மாளவியாவே அப்பொறுப்பை ஏற்றார். அடுத்து வந்தவர் டாக்டர் ராதாகிருஷ்ணன்.

விட்ட வக்கீல் அங்கியை மாளவியா மறுபடி அணிந்தது சௌரி சௌரா வழக்கில். 1922இல் அங்கே காவல் நிலையம் எரிக்கப்பட்டுக் காவலர்கள் மாண்டனர். செஷன்ஸ் நீதிமன்றம் 172 பேருக்குத் தூக்குத் தண்டனை விதித்தது. பெரும்பாலோர் ஏழைக் கிராமவாசிகள். மேல்முறையீட்டில் மாளவியா வாதாடினார். 1923இல் உயர்நீதிமன்றம் தூக்கை உறுதி செய்தது 19 பேருக்கு மட்டுமே. குலம் கோத்திரம் பாராமல் இத்தனை உயிர்களுக்காக நின்றது அந்தச் சந்தன நெற்றி.

அவர்மீது விமர்சனமே இல்லை என்று சொல்ல மாட்டேன். இந்து மகாசபையில் அவர் வகித்த இடத்தைக் குறைகூறியவர்கள் உண்டு. தீண்டாமை விஷயத்தில் நிதானமாகப் போகிறார் என்று சீர்திருத்தவாதிகள் குறைப்பட்டார்கள். காசியின் கங்கைக் கரையில் தாழ்த்தப்பட்டோருக்கு மந்திர தீட்சை கொடுத்தபோதோ வைதிகர்கள் கோபித்தார்கள். 1932இல் பூனா ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டவர்களில் அவரும் ஒருவர். இரு பக்கத்தாரையும் திருப்திப்படுத்தத் தம்மை மாற்றிக்கொள்ளவில்லை. தாம் பிறந்த மரபுக்குள்ளேயே நின்று, அதன் கதவைத் திறக்கப் பார்த்தார். மரபை நேசிப்பவன் அதன் குறையைக் கண்டுகொள்ளாமல் இருந்தால், நேசம் வெறும் பெருமையாகிவிடும். நம் சமூகம் இதை மறக்கக் கூடாது.

1946 நவம்பர் 12இல், சுதந்திரத்துக்கு ஒன்பது மாதம் முன்னதாக, அவர் காலமானார். 2014இல் பாரத ரத்னா அறிவிக்கப்பட்டது.

ஆகவே நம் பிள்ளைகளுக்கு நான் சொல்லக்கூடியது இதுதான். நெற்றிக்கு இட்டுக்கொள்வதும் விடுவதும் அவரவர் விருப்பம். இட்டுக்கொண்டால், அதைப் பார்த்து நம்மை அணுகுகிறவர் ஏமாறாதபடி நடந்துகொள்ள வேண்டும். சொன்ன நேரத்துக்கு வருவது, வாங்கிய சம்பளத்துக்கு உழைப்பது, கணக்கில் சுத்தமாக இருப்பது, கீழே பணிபுரிகிறவரை மரியாதையாக நடத்துவது. இவை நாள்தோறும் சேர வேண்டிய இருப்பு. அது இருந்தால் எந்த ஊர் அலுவலகத்திலும் நம் அடையாளத்தை மறைக்க வேண்டியதில்லை, பறைசாற்றவும் வேண்டியதில்லை.