கஞ்சமலை இரும்பும் ஹீத்தும்

சேலத்திற்குத் தென்மேற்கே கஞ்சமலை நிற்கின்றது. கஞ்சம் என்னும் சொல்லுக்குத் தாமரை என்றும் வெண்கலம் என்றும் பொருள் கூறுவர்; ஆயினும் அம்மலையின் செல்வம் இரும்பே. அங்கும், நாமக்கல்லை அடுத்த கொல்லிமலைப் பகுதியிலும் காந்தத் தன்மையுடைய இரும்புக்கல் மிகுதியாக உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அக்கல்லை உருக்கிப் பிழைத்த கொல்லர் பலர் இந்நாட்டில் வாழ்ந்தனர். அவர்தம் தொழிலைக் கண்டு வியந்து, தம் வாழ்நாளையே இரும்புக்கு ஈந்தவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்னும் ஆங்கிலேயர்.

ஹீத் கிழக்கிந்தியக் கம்பெனியின் சென்னைப் பணியாளர். உயிரினங்களை ஆராய்வதிலும் விருப்பமுடையவர். வௌவால் வகை ஒன்று இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது. எனினும் அவர் உள்ளத்தைக் கவர்ந்தது உலைக்களமே.

சேலத்துக் கொல்லர் இரும்புக்கல்லை இடித்துப் புடைத்து, மணலை நீக்கி, நான்கடி உயரமுள்ள மண் உலையில் கரியோடு இட்டு, ஆட்டுத்தோல் துருத்தியால் ஊதி இரும்பாக்குவர். அவ்விரும்பைத் துண்டுகளாக்கி, உமி கலந்த களிமண்ணாற் செய்த மூசை என்னும் சிறு கலத்தில் இடுவர். அதனுள் உலர்ந்த ஆவாரங்குச்சியையும் எருக்கிலையையும் வைத்து வாயைக் களிமண்ணால் அடைப்பர். மூசைகள் இருபதுக்கு மேல் அடுக்கப்பெற்று, இரண்டரை மணி நேரம் கடுந்தீயில் வேகும். குச்சியும் இலையும் கரியாகி இரும்போடு கூட, உருக்குப் பிறக்கும். ஐரோப்பியர் இரும்பிற் கரியேற்றுவதற்குப் பல நாள் சூளையிட வேண்டியிருந்தது! தம் நாட்டார் இருவர் தனித்தனியே காப்புரிமை பெற்ற இரு முறைகளும் இக்கொல்லரின் ஒரு மூசைக்குள் அடங்கியிருப்பதை ஹீத் கண்டு, 1839இல் வெளிவந்த கட்டுரை ஒன்றில் எடுத்துரைத்தார். அக்கொல்லருள் ஒருவர் பெயரையும் நாம் அறியோம்.

இத்தொழிலைப் பெரிய அளவில் நடத்த விரும்பிய ஹீத், கம்பெனிப் பணியைத் துறந்து, 1830 அளவில் பரங்கிப்பேட்டையில் பேருலைகளை நிறுவினார். சேலத்து இரும்புக்கல் பரிசல்களில் ஏறிக் காவிரியிலும் கொள்ளிடத்திலும் மிதந்து கடற்கரை சேர்ந்தது. அங்கு வார்த்த இரும்பு ஷெபீல்டு நகருக்குக் கப்பலேறியது. இரும்பில் யாதொரு குறையுமில்லை. குறை விறகில் இருந்தது. சிற்றுலைக்கு ஒரு கட்டுக் கரி போதும். பேருலையோ காடுகளை விழுங்கியது. காடு சுருங்கச் சுருங்கக் கரியின் விலை ஏறிற்று. அரசாங்கம் கடனாக அளித்த பொருளும் ஆலையைத் தாங்கவில்லை. ஹீத்திற்குப் பின்னரும் பிறர் அதனை நடத்திப் பார்த்து, இறுதியில் கைவிட்டனர்.

இங்கிலாந்து திரும்பிய ஹீத் சோர்ந்திலர். 1839இல், உருக்கில் நூற்றுக்கு ஒன்று முதல் மூன்று பங்கு வரை மாங்கனீசும் கரியும் சேர்ந்த பொருளைக் கூட்டும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். உருக்கைக் கெடுக்கும் உயிர்வளியையும் கந்தகத்தையும் மாங்கனீசு பற்றிக்கொள்ளும். அதனால், சுவீடன் நாட்டு இரும்பையே நம்பியிருந்த ஷெபீல்டுத் தொழிலாளர் உள்நாட்டு இரும்பிலிருந்தும் பற்றவைக்கத்தக்க நல்லுருக்கை வார்த்தனர்; விலையும் பெரிதும் வீழ்ந்தது.

பின்னர், மாங்கனீசுக் கல்லையும் தாரையும் மூசைக்குள் நேரே இட்டாலும் அப்பயன் எளிதிற் கிட்டும் எனக் கண்டு, அதனைத் தம் முகவரிடம் கூறினார். வெள்ளையுள்ளம் படைத்தவர் செய்யும் பிழை இது. அம்முகவரோ, இம்முறை காப்புரிமை ஏட்டில் இல்லை எனக் கூறித் தாமே அதனைக் கையாண்டார், பிறரும் கையாண்டனர். வழக்குப் பல்லாண்டு நீண்டது. தீர்ப்புக் காணாமலே 1851இல் ஹீத் மறைந்தார். இடையில் ஒரு மன்றம் அவர் பக்கம் நின்றபோதிலும், 1855இல் பிரபுக்கள் சபை அவருக்கு மாறாக முடிவு கூறியது.

மறு ஆண்டில் பெசமர் புதிய உருக்குமுறையை வெளியிட்டார். அம்முறையும் மாங்கனீசு சேர்ந்த பின்னரே செம்மையுற்றது. கஞ்சமலையின் அடிவாரத்தில் 1970இல் அடிக்கல் நாட்டப்பெற்ற சேலம் உருக்காலையில் இன்று துருப்பிடிக்காத எஃகுத் தகடுகள் உருவாகின்றன. அத்தகடுகளிலும் மாங்கனீசு சிறிது கலந்துள்ளது.