கோயம்புத்தூர் தந்த கரிவரதன்

1961 முதல் 1973 வரை நம் தாம்சன் சாலையில் நடந்த கார்ப் பந்தயத்தைப் பற்றித் தாத்தா பாட்டி சொல்லக் கேட்டிருப்பீர்கள். காசுள்ளவர் விளையாட்டு என்றுதான் அதற்குப் பேர். அந்தப் பேரை மாற்றப் பாடுபட்டவர் கோயம்புத்தூர் கரிவரதன்.

வசதியான தொழிலதிபர் குடும்பத்துப் பிள்ளை அவர். சென்னைக்கு அருகே சோழவரத்துப் பழைய விமான ஓடுபாதையில் பந்தயம் ஓட்டினார். வெளிநாட்டுப் பந்தயக் கார் எல்லாருக்கும் கட்டுப்படியாகுமா? உள்ளூரிலேயே செய்துவிட்டால் போச்சு என்று துணிந்தார். தெருவில் ஓடும் மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து, ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை உருவாக்கினார். எல்லாருக்கும் ஒரே மாதிரி வண்டி; ஆகவே காசு ஜெயிக்காது, கைத்திறமைதான் ஜெயிக்கும்.

1995-இல் விமான விபத்தில் மறைந்தார். ஆனால் அவர் போட்ட பாதை மூடவில்லை. அவ்வகைக் காரில் தொடங்கிய அதே ஊர் நரேன் கார்த்திகேயன், 2005-இல் ஃபார்முலா ஒன் பந்தயம் ஓட்டிய முதல் இந்தியரானார். 2012-இல் நம் மரீனா பே இரவுப் பந்தயத்திலும் ஓட்டினார். கோவை செட்டிப்பாளையத்தில் 2003-இல் திறந்த பந்தயத் தடத்துக்குக் கரிவரதன் பெயரையே வைத்தார்கள்.

தமக்குக் கிடைத்த வசதியைப் பிறர் பிள்ளைக்கும் வழியாக்கினாரே, பார்த்தீர்களா? பரிசு வாங்கும் பிள்ளைகளே, இதையும் மனத்தில் வையுங்கள்.